சாந்தோம் ரோட்டுல இடிஞ்சதும் நின்னதும்

நெல்லு, மாடு, மழைன்னு எழுதிக்கிட்டிருந்தவன் திடீர்னு சென்னைக் கட்டடங்களைப் பத்தி எழுத வந்துட்டானேன்னு நினைக்காதீங்க. காரணம் இருக்கு, கடைசியில சொல்றேன்.

மகள் வீடு சாந்தோம் பக்கம். ஆடிப் பட்டம் விதைச்சு முடிச்சுட்டு, ஆகஸ்ட் மாசம் பத்து நாள் அங்க போய் இருந்தேன். விடிகாலை நாலு மணிக்கு முழிப்பு வந்துடும். அபார்ட்மென்டுல அந்த நேரத்துக்கு என்ன செய்ய? சாந்தோம் சர்ச்சுல இருந்து லைட் ஹவுஸ் தாண்டி, பீச் ரோடு முழுக்க நடந்து பல்கலைக்கழகம் வரைக்கும் போயிட்டு வருவேன். கையில முத்தையா எழுதின 'சென்னை மறுகண்டுபிடிப்பு' புத்தகம். மாப்பிள்ளை அலமாரியில பிரிக்காமக் கிடந்துச்சு, நான்தான் பிரிச்சேன்.

அந்த ஒரே ரோட்டுல, ஒரே கடல் காத்துல, சில கட்டடம் நிக்குது, சில கட்டடம் போயிடுச்சு. எது எதனால நின்னுச்சு, எது எதனால போச்சுன்னு பத்து நாளும் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருந்துச்சு.

முதல்ல சாந்தோம். இதை இன்னைக்குச் சென்னையில ஒரு ஏரியான்னு நாம சொல்றோம். ஒரு காலத்துல இது தனி ஊர். இயேசுவோட சீடர் தோமையார் இங்க வந்தாரு, அவரை அடக்கம் பண்ணின இடம் இதுதான்னு நம்பிக்கை. அந்தக் கல்லறையைப் பத்தி 13-ஆம் நூற்றாண்டு கடைசியில மார்க்கோ போலோ எழுதியிருக்காரு. போர்ச்சுக்கீசியர் 1520-கள்ல வந்து கல்லறை மேல சர்ச் கட்டி, சுத்தி வீடு கட்டி, பிறகு கோட்டைச் சுவரும் எழுப்பி, அதுக்கு சான் தோமேன்னு பேரு வச்சாங்க. வெள்ளைக்காரன் 1639-ல வடக்க மணல்மேட்டுல இடம் வாங்கிக் கோட்டை கட்டுறதுக்கு நூறு வருஷத்துக்கு முன்னாடியே இது கலகலன்னு இருந்த துறைமுகப் பட்டணம். அவன் கோட்டைக்குக் குடியேற ஆளு போனதே இங்க இருந்துதான்.

அப்புறம் கோல்கொண்டாக்காரன் பிடிச்சான். 1672-ல பிரெஞ்சுக்காரன் பிடிச்சான். ரெண்டே வருஷத்துல டச்சுக்காரன் துணையோட கோல்கொண்டா திரும்பப் பிடிச்சு, இனி எவனும் இதுக்குள்ள ஒளிஞ்சுக்கக் கூடாதுன்னு கோட்டைச் சுவரை இடிச்சுப் போட்டான். 1749-ல ஆங்கிலேயன் கைக்கு வந்துச்சு. எங்க ஊர்ல பங்காளிச் சண்டையில வரப்பு இடம் மாறுற மாதிரிதான்.

மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயிலே பழைய காலத்துல கடலோரமா இந்தப் பக்கம்தான் இருந்துச்சுன்னும், அது போர்ச்சுக்கீசியர் காலத்துல போயிடுச்சுன்னும் பெரியவங்க சொல்வாங்க. சோழர் காலக் கல்வெட்டுத் துண்டுகள் சர்ச்சுப் பக்கம் கிடைச்சிருக்கு. நான் இதுல யாரோடயும் சண்டைக்கு வரல. ஒரு ஊரு மண்ணுக்கடியில அடுக்கடுக்கா இன்னும் பல ஊரு இருக்குன்னு மட்டும் தெரிஞ்சுக்கிட்டேன்.

இப்ப நாம பாக்குற வெள்ளைக் கோபுரச் சர்ச்சு போர்ச்சுக்கீசியர் முதல்ல கட்டினது இல்லைங்க. நான் ரொம்ப நாளா அப்படித்தான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். 1523-ல கட்டின பழைய சர்ச்சு 370 வருஷம் நின்னுச்சு. 1893-ல அதை இடிச்சுட்டாங்க. எதிரி யாரும் வந்து இடிக்கல, அந்தச் சபைக்காரங்களே, ஆயர் ரீட் டா சில்வா காலத்துல, பெருசாக் கட்டணும்னு இடிச்சாங்க. கேப்டன் பவர்னு ஒரு இன்ஜினியர் வரைஞ்ச படத்தை வச்சுக் கட்டி, 1896 ஏப்ரல் 1-ஆம் தேதி மந்திரிச்சுத் திறந்தாங்க. கோபுரம் மட்டும் 155 அடி. இன்னைக்கு அதைப் பாத்துப் பிரமிச்சுப் போய் நிக்கிறோம், பாரம்பரியம்ங்குறோம். ஆனா அதுக்காக ஒரு பாரம்பரியம் போச்சு. அப்ப "இடிக்காதீங்க"ன்னு யாராவது சொன்னாங்களான்னு முத்தையா புத்தகத்துலயும் தேடிப் பாத்தேன், எனக்கு எதுவும் தட்டுப்படல. பழசு பலமில்லாம இருந்துச்சு, புதுசு அழகா வருது, யாரு தடுப்பா?

தடுக்கிறதுக்குன்னு ஆளுங்க வந்தது இதுக்கு நூறு வருஷம் கழிச்சு. இதே ரோட்டுல, நடக்குற தூரத்துல.

லைட் ஹவுஸைத் தாண்டி வடக்க போனா இடது கைப் பக்கம் வெள்ளையா, தூணு தூணா, கடலைப் பாத்து ஒரு கட்டடம் நிக்கும். டிஜிபி ஆபீஸ். முதல் நாள் நான் அந்தத் தூணுங்களை அண்ணாந்து பாத்துக்கிட்டு நின்னேன். கூட வந்த மாப்பிள்ளை, "மாமா, அங்க நின்னு பாக்காதீங்க, கூப்பிட்டு வச்சு விசாரிப்பாங்க"ன்னு கையைப் பிடிச்சு இழுத்துட்டாரு. அதனால அடுத்தடுத்த நாள் எதிர்த்த பிளாட்பாரத்துல இருந்தே பாத்துக்கிட்டேன்.

இது போலீசுக்காகக் கட்டினது இல்ல. 1839-ல ஃப்ரீமேசன்னு சொல்ற சங்கத்துக்காரங்க கூடுறதுக்குக் கட்டினது. 1865-ல போலீஸ் இலாகா இதை மாசம் 90 ரூபாய் வாடகைக்கு எடுத்துச்சு. 1874-ல 20,000 ரூபாய் கொடுத்துச் சொந்தமாவே வாங்கிடுச்சு. அன்னையில இருந்து மாகாணத்துப் போலீசுக்கு இதுதான் தலைமையகம்.

1993-ல, கட்டடம் பழசாயிடுச்சு, இடமும் பத்தல, இடிச்சுட்டுப் பத்து மாடி கட்டலாம்னு அரசாங்கம் திட்டம் போட்டுச்சு. அப்பத்தான் இன்டாக் அமைப்பு நடுவுல வந்துச்சு. கலை, பண்பாட்டு மரபைக் காக்க 1984-ல டெல்லியில ஆரம்பிச்ச அறக்கட்டளை அது, சென்னையிலயும் அதுக்குக் கிளை உண்டு. இன்னொரு பக்கம் 'மெட்ராஸ் மியூசிங்ஸ்'னு ஒரு சின்னப் பத்திரிகை. சிவகங்கைச் சீமைப் பள்ளத்தூர்ல பிறந்த எஸ். முத்தையா 1991-ல ஆரம்பிச்சு நடத்தினது. பத்திரிகை எழுதுச்சு, இன்டாக் ஹைகோர்ட்டுல பொதுநல வழக்குப் போட்டுச்சு.

அந்த நேரத்துல அவங்க கையில சட்டம்னு ஒண்ணும் பெருசா இல்ல. கவனிச்சுப் பாருங்க. மத்தியத் தொல்லியல் துறைக்கு 1958-ல போட்ட சட்டம் உண்டு, நம்ம மாநிலத்துக்கு 1966-ல போட்டது உண்டு. ஆனா அதெல்லாம் இன்ன இடம் நினைவுச்சின்னம்னு அரசாங்கமே அறிவிச்சாத்தான் செல்லும். ஃபைலும் டைப்ரைட்டரும் ஓடிக்கிட்டிருக்கிற ஆபீசை யாரு நினைவுச்சின்னம்னு அறிவிப்பா? இடிக்கப் போறதும் அரசாங்கம், காப்பாத்த வேண்டியதும் அரசாங்கம். நடுவுல நாலு படிச்ச மனுசங்க ஒரு மனுவைத் தூக்கிக்கிட்டுப் போனாங்க. இடிப்புத் திட்டம் நின்னுச்சு. அப்புறம் போலீஸ் வீட்டு வசதிக் கழகமே அதைப் பழுது பாத்துச்சு. இடம் பத்தலைங்குறதுக்குப் பழசோட சாயல்லயே தனியாப் புதுக் கட்டடம் கட்டிக்கிட்டாங்க. இன்னைக்கும் அங்கதான் டிஜிபி உக்காந்து வேலை பாக்குறாரு.

எனக்கு இதுல பிடிச்சதே இந்தக் கடைசி விஷயம்தான். காப்பாத்தினாங்க, ஆனா கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைக்கல. ஆள் புழங்குற வீடு சீக்கிரம் விழாதுன்னு எங்க பக்கம் சொல்வாங்க. சாணி மெழுகுற வீட்டுல கரையான் ஏறாது. பூட்டின வீட்டை ரெண்டே மழை தின்னுடும்.

இதுக்கு நேர் எதிரா ஒரு கதை பக்கத்துலயே இருக்கு. ராணி மேரிக் கல்லூரி. 1914-ல 37 பொண்ணுங்களோட ஆரம்பிச்சது, சென்னையில பெண்களுக்குன்னு வந்த முதல் காலேஜ். கேப்பர் ஹவுஸ்னு ஒரு பழைய பங்களா, கொஞ்ச காலம் ஓட்டலா இருந்தது, அதுலதான் வகுப்பு ஆரம்பிச்சாங்க. 2003-ல இந்தக் காலேஜை எடுத்துட்டுப் புதுத் தலைமைச் செயலகம் கட்டப் போறோம்னு அரசாங்கம் அறிவிச்சப்ப, பொண்ணுங்க உள்ளயே உக்காந்துட்டாங்க. ராத்திரி பகலா உக்காந்தாங்க. டிவியில பாத்தது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அப்ப என் மக அஞ்சாவது படிச்சா, "இந்த அக்காங்க வீட்டுக்குப் போக மாட்டாங்களாப்பா"ன்னு கேட்டா. கடைசியில அரசாங்கம் பின்வாங்குச்சு, காலேஜ் தப்பிச்சுது.

ஆனா கேப்பர் ஹவுஸ் தப்பிக்கல. போராடி ஜெயிச்ச பிறகு, எந்த வீட்டுல காலேஜ் பிறந்துச்சோ அந்த வீடு கவனிக்க ஆள் இல்லாமப் பாழாகி, சில வருஷத்துல இடிபட்டுப் போச்சு. அந்த இடத்துல புதுக் கட்டடம் வந்துடுச்சு. யாரையும் குத்தம் சொல்ல முடியல. பொண்ணுங்க காலேஜுக்காகத்தான் உக்காந்தாங்க, சுவருக்காக இல்ல. காலேஜுக்கு வகுப்பறை வேணும்தானே. ஆனாலும் அந்த இடத்தைத் தாண்டுறப்ப மனசு ஒரு மாதிரி ஆயிடுது.

ஐஸ் ஹவுஸ் கதை உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். 1842-ல அமெரிக்காவுல இருந்து கப்பல்ல வந்த பனிக்கட்டியைச் சேத்து வைக்கக் கட்டினது, இப்ப விவேகானந்தர் இல்லம். அதுவும் கை மாறி கை மாறிப் பொழைச்ச கட்டடம்தான்.

அந்த ஆகஸ்ட்ல இன்னொண்ணு நடந்துச்சு. 22-ஆம் தேதி மெட்ராஸ் தினம்னு 2004-ல இருந்து கொண்டாடுறாங்க இல்லையா, அதை ஒட்டி மகள் என்னை ஒரு பாரம்பரிய நடைக்குக் கூட்டிக்கிட்டுப் போனா. கூட்டத்துல நான் ஒருத்தன்தான் வேட்டி. ஒரு சந்துல பழைய வீட்டுச் சுவர், மேல சிமெண்டு பூசி, அந்தச் சிமெண்டு பாளம் பாளமா உரிஞ்சு தொங்குது. உள்ள செங்கல் மாவாக் கொட்டுது. நடத்திக்கிட்டு வந்த பொண்ணு, "இது ஏன் இப்படி ஆச்சுன்னு யாருக்காவது தெரியுமா?"ன்னு கேட்டுச்சு. எல்லாரும் "கடல் காத்து"ன்னாங்க. நான் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்காம, "கடல் காத்து பழைய வீட்டுக்குப் புதுசா என்ன? சுண்ணாம்புச் சுவத்துக்குச் சிமெண்டு பூசினதுதான் காரணம். உப்பு பூத்திருக்கு பாருங்க"ன்னேன். அந்தப் பொண்ணு என்னையே விளக்கச் சொல்லிடுச்சு.

விளக்குறதுக்குப் பெரிய படிப்பு ஒண்ணும் வேணாம். பழைய செங்கலும் சுண்ணாம்புக் காரையும் மூச்சு விடும். தரையில இருந்து ஏறுற ஈரமும் மழை ஈரமும் சுவர் வழியா வெளிய வந்து காத்துல காஞ்சிடும். சிமெண்டு அப்படி இல்ல, இறுக்கிப் பிடிச்சுக்கும். ஈரம் உள்ளயே நிக்கும். ஈரத்தோட வந்த உப்பு சிமெண்டுக்கும் செங்கலுக்கும் நடுவுல சேந்து, காயுறப்ப விரிஞ்சு, செங்கலையே தின்னுடும். மேல பாத்தா புதுப்பூச்சு மினுமினுன்னு இருக்கும், உள்ள சுவர் செத்துக்கிட்டு இருக்கும். மண்சுவத்துக்குச் சிமெண்டு பூசி எங்க ஊர்ல எத்தனை வீடு இப்படிப் போச்சுன்னு நான் எண்ணியே சொல்வேன்.

சுண்ணாம்பு அரைக்கிறதை நான் சின்னப் பையனா இருக்கிறப்பப் பாத்திருக்கேன். கிளிஞ்சலையோ சுண்ணாம்புக் கல்லையோ காளவாயில வேகவச்சு எடுப்பாங்க. தண்ணி ஊத்துனா உலை மாதிரிக் கொதிச்சு மாவா உதிரும். வட்டமாப் பள்ளம் கட்டி, அதுல கருங்கல் சக்கரம் ஒண்ணை நிறுத்தி, மாட்டைக் கட்டிச் சுத்த விடுவாங்க. மணலும் சுண்ணாம்பும் வெண்ணெயா மசியணும். கடுக்காய் ஊறின தண்ணியும் வெல்லமும் சேப்பாங்க. மெத்தை வீட்டுக்குத் தளம் போடணும்னா உத்திரத்து மேல ஆச்சிக்கல்லைக் குத்துக்கல்லா அடுக்கி, அதுக்கு மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, பொம்பளைங்க வரிசையா உக்காந்து கொட்டாப்புளியால நாள் கணக்கா அடிப்பாங்க. சென்னையில இதுக்கு மெட்ராஸ் டெரஸ்னு பேரு. இன்னும் வசதியானவங்க வீட்டுல முட்டை வெள்ளைக்கருவெல்லாம் சேத்து இழைச்சுச் சுவரைப் பளிங்கு மாதிரி ஆக்கினாங்க. அந்த மெட்ராஸ் சுண்ணாம்பைப் பாத்து வெள்ளைக்காரனே அசந்து எழுதி வச்சிருக்கான்.

சிமெண்டு ஒரு நாள்ல இறுகிடும். சுண்ணாம்பு காத்தைக் குடிச்சுக் குடிச்சு, வருஷக்கணக்கா மெல்ல இறுகும். காண்டிராக்ட் எடுத்தவனுக்கு அவ்வளவு பொறுமை ஏது?

கட்டடத்தைக் காப்பாத்துறதுல கோர்ட்டு கேசு பாதிதான்ங்க. மீதிப் பாதி இந்தச் சுண்ணாம்பு வேலை தெரிஞ்ச ஆள். பல்கலைக்கழகத்துச் செனட் ஹவுஸ் இருக்கே, 1874-ல இருந்து 1879 வரைக்கும் சிஷோம் கட்டினது, ரொம்ப காலம் கவனிப்பு இல்லாமக் கிடந்துச்சு. பல்கலைக்கழகத்தோட 150-ஆவது வருஷத்தை ஒட்டித்தான் அதைப் பழைய முறையிலயே சரி பண்ணினாங்க. பக்கத்துல சேப்பாக்கம் அரண்மனை, ஆற்காட்டு நவாப் 1768-ல கட்டினது. அதுல கலச மகால் 2012 ஜனவரியில தீப்பிடிச்சுக் கூரையெல்லாம் விழுந்துடுச்சு. முடிஞ்சதுன்னுதான் எல்லாரும் நினைச்சோம். பொதுப்பணித் துறையே சுண்ணாம்பு வச்சு அதைத் தூக்கி நிறுத்திட்டாங்க. நூறு வருஷம் அரசாங்கக் கட்டடம் முழுக்க சிமெண்டு பூசின இலாகா திரும்பச் சுண்ணாம்பு அரைக்கக் கத்துக்கிட்டது சின்ன விஷயம் இல்ல.

எல்லாமே ஜெயிச்சுதுன்னு சொல்ல மாட்டேன். மவுண்ட் ரோட்டுல 1897-ல கட்டின பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை 2006-ல இடிக்க ஆரம்பிச்சாங்க. இன்டாக் மறுபடி கோர்ட்டுக்குப் போச்சு. 2010-ல நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் இருந்த அமர்வு, இடிக்கக் கூடாதுன்னு தீர்ப்பு சொல்லிச்சு. நகரத்துப் பழைய கட்டடங்களைக் கவனிக்க ஒரு குழு வேணும்னு சொன்னதும் அந்தத் தீர்ப்புதான். அதுக்கு முன்னாடியே நீதிபதி பத்மநாபன் குழு 467 இடங்களைப் பட்டியல் போட்டு வச்சிருந்துச்சு. 2012-ல பாரம்பரிய ஆணையச் சட்டமும் வந்துச்சு. ஆனா அது நடைமுறைக்கு வர்றதுக்குள்ள பல வருஷம் ஓடிப் போச்சு. தீர்ப்பு வந்த கட்டடமோ பாதி இடிஞ்ச நிலையிலயே வருஷக்கணக்கா நின்னுச்சு. இடிக்காதேன்னு கோர்ட்டு சொல்லலாம், மழைக்கு முன்னாடி ஓடு மாத்துன்னு யாரு போய்ச் சொல்றது?

முத்தையா 2019 ஏப்ரல்ல காலமாயிட்டாரு. நான் அவரைப் பாத்தது இல்ல.

சரி, இதெல்லாம் எதுக்கு எழுதினேன்னா, எங்க ஊர்ல ஒரு சாவடி இருந்துச்சு. கருங்கல் தூணு, தேக்கு உத்திரம், சுண்ணாம்புத் தளம். பஞ்சாயத்து, தெருக்கூத்து, மழைக்கு ஒதுங்குறதுன்னு எல்லாம் அங்கதான். 1998-ல அதை இடிச்சுட்டுச் சமுதாயக் கூடம் கட்டணும்னு பேச்சு வந்தப்ப ஊர்ல யாரும் எதிர்க்கல, நானும்தான். சொல்லப்போனா இடிச்ச மரத்தை ஏலம் விட்டப்ப ஒரு உத்திரத்தை நானே எடுத்தேன். இன்னைக்கும் அது என் மாட்டுக் கொட்டகையில குறுக்க கிடக்கு, ஒரு பூச்சி அரிக்கல. சமுதாயக் கூடம் இருபது வருஷத்துல கம்பி தெரிய விரிஞ்சு, இப்ப அதையும் இடிக்கணும்ங்குறாங்க. 1893-ல சாந்தோம்ல நின்னு வேடிக்கை பாத்தவங்களை நான் குறை சொன்னா, என் கொட்டகை உத்திரம் சிரிக்கும்.

இப்ப மிச்சம் இருக்கிறது பழைய ஓட்டுப் பள்ளிக்கூடம் ஒண்ணு. நான் அஞ்சாவது வரைக்கும் படிச்சது. 2021 டிசம்பர்ல திருநெல்வேலியில ஒரு பள்ளிக்கூடத்துச் சுவர் விழுந்து மூணு பிள்ளைங்க செத்துப் போனாங்க இல்லையா, அதுக்கப்புறம் பழுதான பள்ளிக் கட்டடங்களை இடிக்கச் சொல்லி உத்தரவு வந்துச்சு. அந்தப் பயம் நியாயமான பயம். பிள்ளைங்க தலைக்கு மேல இருக்கிற கூரையை வச்சு யாரும் விளையாடக் கூடாது. எங்க ஊர்ல பிள்ளைங்களைப் புதுக் கட்டடத்துக்கு மாத்திட்டாங்க, அதுவும் சரிதான். ஆனா காலியாக் கிடக்கிற பழைய கட்டடம் பட்டியல்ல ஏறி நிக்குது.

சென்னையில இருந்து வந்த மறுநாள் போய்ச் சுத்திப் பாத்தேன். சுவர் நூல் பிடிச்ச மாதிரி நிக்குது, ஒரு இடத்துலயும் சாயல. மேற்குப் பக்கம் ஓடு நாலஞ்சு வரிசை போயிருக்கு, அங்க வளைச்சட்டம் நனைஞ்சு இத்துப் போச்சு. வடக்குச் சுவத்துல அரசங்கன்னு ஒண்ணு முழங்கை மொத்தத்துக்கு வளந்திருக்கு. அதைச் சும்மா அறுத்து விட்டாத் திரும்ப இன்னும் வேகமாத் தழையும், செங்கல்லை எடுத்து வேரோட வாங்கணும். எங்க பக்கம் சுண்ணாம்பு வேலை தெரிஞ்ச கொத்தனார் ஒருத்தர் இன்னும் இருக்காரு, எழுபது வயசுக்கு மேல ஆகுது. கூட்டிட்டுப் போய்க் காட்டினேன். "காரை நல்லா இருக்குது தம்பி, ஓடும் சட்டமும்தான் செலவு"ன்னாரு. கூடவே, "என் கைக்குத் துணைக்கு ரெண்டு பசங்க வேணும், கத்துக்க வருவானுங்களா?"ன்னு கேட்டாரு.

வர்ற கிராம சபையில மனு கொடுக்கப் போறேன். பிள்ளைங்களுக்குத் திரும்பக் கொடுன்னு கேக்கல. இன்ஜினியர் வந்து பாத்துப் பலமா இருக்குன்னு எழுதிக் கொடுத்தா, நெல்லுக் கொள்முதல் சமயத்துல சாக்கு வைக்கவோ, படிப்பகம் நடத்தவோ விடுங்கன்னுதான் கேக்கப் போறேன். உங்கள்ல யாராவது இந்த வேலையில இருக்கீங்கன்னா, மனு எப்படி எழுதணும்னு சொல்லுங்க. அரசங்கன்னை நாங்களே எடுத்துடுறோம், ஐப்பசி மழைக்கு முன்னாடி எடுத்தாகணும்.